கூரைமேல் ஒரு கொள்ளை

தொலைக்காட்சி சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று எள்ளி நகையாடுவோருக்கு நாம் ஒன்று கூறுவோம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கிழக்குக் கரையை நோக்கி வந்தபோது வன்னிக் கமக்காரன் தேடியது நாடகமன்று, அறிவித்தல். அதனைத் தமிழிற் கேட்கும் வாய்ப்பை அன்ரெனா வியாபாரிகளின் புளுகுக்குப் பலிகொடுக்க நாம் ஒருப்படோம்.

"டிஜிற்றல் அன்ரெனா" என்கிறார்கள். "நூறு மைல் இழுக்கும்" என்கிறார்கள். அலுமினியக் குழாய்க்கு டிஜிற்றல் எது, பழைய முறை எது என்று தெரியுமா? அது அறிந்தது அலையின் நீளம் ஒன்றே. வீ.எச்.எவ். மேற்பட்டைக்கு ஏறத்தாழ முக்கால் மீற்றர் நீளக் கம்பிகள் வேண்டும், யூ.எச்.எவ். பட்டைக்கு அதிற் பாதிக்குங் குறைவு போதும். உள்ளங்கையளவு தட்டொன்றைக் காட்டி, தகரக் கூரையின் கீழும் எல்லாம் வரும் என்று விற்பவனை என்னென்பது?

தூரத்தையும் பார்ப்போம். 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்த கொக்காவில் நிலையத்துக்குப் பதிலாக 2011 இல் எழுந்த கோபுரம் 174 மீற்றர் உயரமானது. பூமியின் வளைவினால் அதன் அலை தரைமட்டத்தில் ஏறக்குறைய 54 கிலோமீற்றரோடு மறைந்துவிடுகின்றது. யாழ்ப்பாண நகரமோ ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரம். அன்ரெனாவைப் பத்து மீற்றர் உயர்த்தினால் மேலும் 13 கிலோமீற்றர் கிட்டும். ஆகவே யாழ்ப்பாணத்தானுக்குத் தேவை இன்னொரு பூஸ்டரன்று; இன்னுமொரு பாகம் குழாய். வந்த அலையைத்தான் பூஸ்டர் பெருக்கும். வராததற்கு அது எங்கே போகும்? இரைச்சலையே பெருக்கித் தரும். 1980களின் பிற்பகுதியில் நம்மவர் கூரைகளிற் கொடைக்கானல் வந்து விழுந்ததும் பூஸ்டரின் மகிமையன்று; 2,000 மீற்றருக்கு மேற்பட்ட மலையும் இடையே கிடந்த கடலும் செய்த உபகாரம்.

திசையும் அவ்வாறே. கொக்காவில் யாழ்ப்பாணத்தவருக்குத் தென்கிழக்கு, வவுனியாவினருக்கு வடக்கு. அயல்வீட்டு அன்ரெனாவைப் பார்த்துத் திருப்புவதில் பயனில்லை. அயலவர் வேறு கோபுரத்தை நாடியிருக்கலாம்.

ஆட்சியாளரையும் விடுவதற்கில்லை. 2014 இல் ஜப்பானிய டிஜிற்றல் முறையைத் தெரிந்தெடுத்தார்கள். பத்தாண்டு கழிந்தும் மாற்றம் நிறைவேறவில்லை. அத்தாமதமே வியாபாரியின் மூலதனம். "நாளை எல்லாம் மாறும், இன்றே வாங்கு" என்கிறான். நல்ல யூ.எச்.எவ். அன்ரெனா கூரையிலிருந்தால் டிஜிற்றல் வந்தபின்னும் அதுவே போதும். மாறவேண்டியது வீட்டினுள் இருக்கும் கருவியே. இதை அவன் சொல்வானா?

எந்தக் கோபுரம், எந்தப் பட்டை, எத்திசை என்பனவற்றைத் தமிழில் அச்சிட்டுப் பிரதேச செயலகந்தோறும் ஒட்டுக! சட்டத்தரணியாயினும் கமக்காரனாயினும் காசை நீட்டுமுன் "இது எந்தப் பட்டைக்கு?" என்று கேட்கட்டும். விடை தெரியாதவனின் கடையை விட்டு இறங்கட்டும்.