முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகே ஊசி

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016 ஏப்ரலில் பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடும் திட்டத்தை சர்க்கார் ஆரம்பித்தது. செலவு 350 கோடி பெசோ. எட்டு லட்சத்துக்கும் அதிகமான பேருக்கு ஊசி போடப்பட்டது. 2017 நவம்பர் 29 அன்று, ஊசியைத் தயாரித்த ஸனோபி என்ற பிரெஞ்சு கம்பெனியே ஓர் அறிக்கை விட்டது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டால், பின்னால் டெங்கு தாக்கும்போது நோய் கடுமையாகக்கூடும்! டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியுமா?

நோயைத் தடுக்க வந்த ஊசி நோயை முற்றச் செய்வானேன்? இதை மக்கள் அறிந்துகொள்வது அவசியம்.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை தாக்கினால் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. அந்த வகை மீண்டும் அண்டுவதில்லை. மற்ற மூன்று வகைகளிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களுக்குத்தான். பிறகு வேறொரு வகை புகுந்தால், பழைய எதிர்ப்புப் பொருள்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன, அழிக்க வலுவில்லை. பற்றிய நிலையிலேயே வெள்ளை அணுக்களுக்குள் கொண்டு சேர்த்து விடுகின்றன. காவற்காரனே கள்ளனுக்குக் கதவு திறந்த கதைதான். வைரஸ் உள்ளே பெருகுகிறது. அதை எதிர்த்து உடல் வெளிவிடும் பொருள்களால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தாய் பெருமூச்சு விடும் நேரத்தில் குழந்தை துவண்டு விழுகிறது.

இது நேற்று தெரிந்த செய்தியல்ல. 1960களில் பாங்காக் குழந்தைகளிடம் அமெரிக்க டாக்டர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இதை ஆராய்ந்தார். கியூபாவில் 1977ல் முதல் வகை பரவிற்று. 1981ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் மாண்டனர். அவர்களில் 101 பேர் குழந்தைகள். டெங்கு வராத குழந்தைக்கு இந்த ஊசியும் முதல் காய்ச்சலைப் போலவே ஆகிவிடலாம் என்று ஹால்ஸ்டெட் 2016லேயே எச்சரித்தார். எச்சரிக்கை செவியில் ஏறவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்து, முன்பே டெங்கு வந்தவர்களுக்கு மட்டும் போடுவதே மேல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018ல்தான் கூறிற்று.

ஆகவே தடுப்பூசியே வேண்டாம் என்று சிலர் கிளம்பலாம். அவர்களோடு நாம் சேர மாட்டோம். பிலிப்பைன்ஸில் எல்லாத் தடுப்பூசிகள் மீதும் நம்பிக்கை சரிந்தது. 2019ல் தட்டம்மை பரவியதற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம் என்று கூறப்பட்டது. குற்றம் விஞ்ஞானத்தினுடையதல்ல, அது சொன்னதைக் கேளாமல் அவசரப்பட்டவர்களுடையது.

இந்தியாவிலும் உள்நாட்டு டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்ட சோதனை 2024 ஆகஸ்டில் வயது வந்தோரிடம் தொடங்கியது. நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் குழந்தைகளிடம் அது வருமுன் நாம் கோருவது இதுதான்: முன்பு டெங்கு வராதவர்களைத் தனியே பிரித்துப் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும். முடிவுகளை மறைக்காமல் மக்கள் மொழியில் வெளியிட வேண்டும். பெற்றோரிடம் நன்மை தீமைகளைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் குடத்திலும் தொட்டியிலும் தேக்கிவைத்துக் கொசு வளர்க்க வேண்டியதில்லை. அதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை, இன்றே செய்யலாம்.