நாடகம் யாருடையது? பெயர் ஓர் அமானிதம்



கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிற ஆசிரியர்கள் நாங்கள். தமிழ்த் தினப் போட்டியில் ஒரு நாடகம் வென்றால் மறுநாளே கேட்டில் பெனர் தொங்கும். அதில் அதிபரின் பெயர் இருக்கும், பொறுப்பாசிரியரின் பெயர் இருக்கும், காசு கொடுத்தவரின் பெயர் இன்னும் பெரிதாக இருக்கும். வசனத்தில் பாதியை எழுதிய பழைய மாணவியின் பெயர் இருக்காது. மெட்டுப் போட்டுத் தந்தவரின் பெயரும் இருக்காது. கேட்டால், "அவங்க உதவிதானே செஞ்சாங்க" என்கிறார்கள். இந்தப் பதில் அநியாயம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இது இன்று வந்த நோய் அல்ல. உருது மேடையின் பெரும் வெற்றியான 'இந்தர் சபா'வுக்கும் இதுதான் நடந்தது. 1850களின் தொடக்கத்தில் லக்னோவில் அதை எழுதியவர் ஆகா ஹசன் அமானத். இளவயதில் நோயால் பேச்சை இழந்த கவிஞர். நண்பர் ஒருவர் தூண்டியதால் எழுதியதாக அவரே தன் விளக்கவுரையில் சொல்லி வைத்தார். பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. நவாப் வாஜித் அலி ஷா கட்டளையிட்டுத்தான் எழுதப்பட்டது, அரண்மனையில் நவாபே இந்திரனாக நடித்தார், அவையிலிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர்தான் யோசனை கொடுத்தார் என்றெல்லாம் கதை கட்டினார்கள். நவாபும் ராதை கண்ணன் கதையை மேடைக்கு எழுதியவர் என்பதால் கதை எளிதில் ஒட்டிக்கொண்டது. மதாரி லால் என்பவர் எழுதிய இன்னொரு 'இந்தர் சபா' குழப்பத்தைக் கூட்டியது. கடைசியில், 20ஆம் நூற்றாண்டில், லக்னோ அறிஞர் மசூத் ஹசன் ரிஸ்வி பழைய ஆதாரங்களைத் தேடியெடுத்து, அது அரண்மனை நாடகமல்ல, மக்கள் மேடை நாடகம் என்று காட்டினார்.

எழுதியவரே சொல்லி வைத்திருந்தும் ஏன் இந்த நிலை? சாதாரண மனிதன் இவ்வளவு நல்லதைச் செய்திருக்க முடியாது, பின்னால் ஒரு ராஜாவோ வெள்ளைக்காரரோ இருக்க வேண்டும் என்ற புத்திதான். பெனரில் காசு கொடுத்தவரைப் பெரிதாகப் போடுவதும் அதே புத்திதான்.

"நாடகம் கூட்டு வேலை, அதில் யார் பெயரைப் போடுவது?" என்று சிலர் கேட்கிறார்கள். கூட்டு வேலை என்பதால்தான் எல்லோர் பெயரும் வேண்டும்.

'இந்தர் சபா'வை ஊர் ஊராகக் கொண்டுபோன பார்சி நாடகக் கம்பனிகள் 1880களில் கொழும்புக்கும் வந்தன. அவற்றைப் பார்த்து வளர்ந்ததுதான் சிங்கள நூர்த்தி. அதில் பெரும் பெயர் ஜோன் டி சில்வா. 1903இல் அவருடைய 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு மெட்டுப் போட்டவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லாவ்ஜி. அவருக்குச் சிங்களம் தெரியாது. காட்சியையும் உணர்ச்சியையும் இன்னொருவர் மூலம் அவருக்கு விளக்குவார்கள், அவர் மெட்டமைப்பார், டி சில்வா அதற்கு வரி எழுதுவார். 'தன்னோ புதுங்கே' அப்படிப் பிறந்த பாட்டுத்தான். 2016 சுதந்திர தினத்தில் அதை ஒபரா பாணியில் பாடியதற்கு நாடே சண்டை பிடித்தது. அந்தச் சண்டையில் லாவ்ஜியின் பெயர் எத்தனை பேர் வாயில் வந்தது?

இதை வைத்துச் சிங்களச் சகோதரர்களைக் குத்திக்காட்ட யாரும் கிளம்ப வேண்டாம். அருணாசலக் கவிராயரின் 'இராம நாடகம்' நமக்குத் தெரியும். அதற்கு இசையமைத்த அவருடைய மாணவர்கள் கோதண்டராமையரையும் வேங்கடராமையரையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாங்கள் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு தாள். கதை எங்கிருந்து எடுத்தது, வசனம் யார் எழுதியது, ஒத்திகையில் யார் திருத்தியது, மெட்டு யாருடையது, றபான் அடித்தது யார் என்று அதில் எழுதுங்கள். உதவியவர் வேறு பாடசாலையா, வேறு மதமா, வேறு மொழியா என்று பார்க்காதீர்கள். மேடையில் அதை வாசியுங்கள், பாடசாலைக் கோப்பிலும் வையுங்கள். பெனரில் இடம் போதாவிட்டால் காசு கொடுத்தவரின் எழுத்தைச் சின்னதாக்குங்கள்.

அந்தக் கவிஞர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அமானத். நம் பேச்சில் அதுதான் அமானிதம். அடுத்தவர் உழைப்பு நம் கையில் இருக்கிற அமானிதம். அதை உரியவரிடம் சேர்க்காமல் வாங்குகிற கிண்ணத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கிக் காட்டி என்ன பாடம் நடத்தப் போகிறோம்?