சிலாங்கூருக்கு இரண்டு நாற்காலி: கேட்டால்தானே கிடைக்கும்!

காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கோயில் திருவிழா. தீமிதி முடிந்தது. அன்னதானத்துக்கு முன்னால் மேடையில் மாலை மரியாதை நடந்தது. "மாண்புமிகு செனட்டர் அவர்களை அழைக்கிறோம்" என்று ஒலிபெருக்கி அலறியது. ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கை தட்டினோம்.

பக்கத்தில் ஒரு பாட்டி. நாற்பது வருசம் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. நம்மை மெதுவாக இடித்துக் கேட்டார்:

"ஏன் தம்பி, இவரு எந்த எலெக்சன்ல ஜெயிச்சாரு? நான் ஓட்டுப் போட்ட ஞாபகமே இல்லையே?"

"இவருக்கு நாம ஓட்டுப் போடறதில்ல பாட்டி."

"அப்ப யாருதான் போட்டா?"

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வாயில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி அல்ல. சாப்பாட்டுப் பந்தியில் தொடங்கியதை இந்தப் பக்கத்தில் சொல்லி முடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்ளே நம் தோட்டத்து வீடும் நிலமும் அடங்கிக் கிடக்கின்றன.

மேலவை வந்த கதை

நம் நாடாளுமன்றத்தில் இரண்டு சபைகள். ஒன்று மக்களவை. அங்கே போகிறவர்களை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். மற்றொன்று மேலவை. டேவான் நெகாரா என்பார்கள். அங்கே உட்காருகிறவர்தான் செனட்டர். கிராணி எழுதிய செக்ரோலைத் துரை ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவது போல, மக்களவை நிறைவேற்றிய சட்டத்தை இன்னொரு முறை அலசிப் பார்ப்பது மேலவையின் வேலை. அதற்கு மேல் இன்னொரு வேலையும் உண்டு. மாநிலங்களின் குரல் கோலாலம்பூரில் கேட்கவேண்டும். அதற்காகவே அந்தச் சபை உண்டாக்கப்பட்டது.

சுதந்திரத்துக்கு முன்னால், 1956-ஆம் ஆண்டில், ரீட் பிரபு தலைமையில் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு இங்கே வந்து நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் வகுத்தது. அதில் இந்தியாவிலிருந்து வந்த நீதிபதி மாலிக்கும் ஒருவர். பதினொரு மாநிலமும் ஆளுக்கு இரண்டு பேரை அனுப்பட்டும், ஆக 22 பேர். நியமனம் பெறுகிறவர்கள் 11 பேர் போதும் என்பது அவர்கள் கணக்கு. மாநிலங்களின் கைதான் ஓங்கியிருக்கவேண்டும் என்று நினைத்தார்கள்.

1959 செப்டம்பர் 11-ஆம் நாள் மேலவை முதன்முதலாகக் கூடியபோது மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22 பேர். நியமன உறுப்பினர்கள் 16 பேர். அப்போதும் மாநிலங்களுக்கே பெரும்பான்மை. 1963-ல் மலேசியா உருவானது. சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்தன. அடுத்த ஆண்டே நியமன உறுப்பினர்கள் 32 ஆனார்கள். 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தது. மாநிலங்களின் பங்கு 26 என்று நின்றுவிட்டது. நியமனம் மட்டும் வளர்ந்தது. இன்று மேலவையில் 70 பேர். மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பியவர்கள் 26. மற்ற 44 பேரும் நியமனம்.

கவனித்தீர்களா? வீட்டுக்காரன் திண்ணைக்கு வந்துவிட்டான். விருந்தாளி நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

யார் ஓட்டுப் போட்டது?

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். சிலாங்கூருக்கு இரண்டு செனட்டர். ஷா ஆலாமில் உள்ள நம் மாநிலச் சட்டமன்றத்தின் 56 உறுப்பினர்களும் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் உறுப்பினர் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். போட்டி இருந்தால் ஓட்டு நடக்கும். எந்த உறுப்பினர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதைப் பதிவு செய்யவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையே சொல்கிறது.

ஆக, பாட்டி ஓட்டுப் போடவில்லை. ஆனால் பாட்டி ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர் போட்டிருக்கிறார். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. பாட்டியும் அவரைக் கேட்கவில்லை. இதுதான் அறுபது வருசக் கதை.

சிலாங்கூரில் ஏறத்தாழ 70 லட்சம் பேர் இருப்பதாக 2020 மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. பெர்லிஸில் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் இரண்டே நாற்காலி. "இது என்னாங்க நியாயம்?" என்று சிலர் கோபப்படுவார்கள். நாம் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. சின்ன மாநிலத்தைப் பெரிய மாநிலம் மிதித்துவிடக்கூடாது என்றுதான் சமமாக வைத்தார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். இந்தியாவில் வேறு முறை. அங்கே மக்கள்தொகையைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்கு 18 இடம், கோவாவுக்கு ஒன்று.

ஆனால் அமெரிக்காவில் ஒரு மாற்றம் நடந்தது. அங்கேயும் முதலில் மாநிலச் சட்டமன்றங்கள்தாம் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 1913-ல் சட்டத்தைத் திருத்தி, மக்களே நேராக ஓட்டுப் போடலாம் என்று ஆக்கினார்கள். நம் நாட்டிலும் அந்தக் கதவு இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவைப் பாருங்கள். நாடாளுமன்றம் விரும்பினால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று செனட்டர் கொடுக்கலாம். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். நியமனங்களைக் குறைக்கலாம், ஒழிக்கவும் செய்யலாம். சட்டத்தில் எழுதி வைத்த கதவு இது. இன்றுவரை யாரும் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

நிலம் ஒரு கையில், தொழிலாளி ஒரு கையில்

"எல்லாம் சரி, இதனால நமக்கென்னா?" என்று கேட்பீர்கள். நம் வயிற்றுப்பாட்டோடு இதற்கு நேரான சம்பந்தம் உண்டு.

தோட்டம் கைமாறுகிறது. ரப்பர் மரத்தைச் சாய்த்து வீடமைப்புத் திட்டம் வருகிறது. நிலம் யார் அதிகாரம்? மாநில அரசின் அதிகாரம். தொழிலாளர் சட்டம், வேலைநீக்க நட்டஈடு, குறைந்தபட்சச் சம்பளம், தொழிலாளர் குடியிருப்புத் தரம் எல்லாம் யார் அதிகாரம்? கூட்டரசின் அதிகாரம். நாம் மாநிலத்துக்குப் போனால், "அது மத்தியில கேக்கணும்" என்பார்கள். மத்திக்குப் போனால், "நிலம் மாநிலத்து விசயமாச்சே" என்பார்கள். கூடையும் இல்லை, குஞ்சும் இல்லை. நடுவில் கிடந்து அலைகிறவர்கள் நாம்.

இந்த இரண்டு வாசலிலும் ஆளுக்கொரு கால் வைத்து நிற்கிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் மாநிலம் அனுப்பிய செனட்டர். ஷா ஆலாமின் ஓட்டில் போய்க் கோலாலம்பூரில் பேசுகிறவர். தோட்டத்து வீட்டுப் பிரச்சினையை அங்கே எழுப்ப இவரைவிடப் பொருத்தமான ஆள் ஏது? அந்த நாற்காலியில் தோட்டம் தெரிந்தவர் இருந்தால் ஒரு பேச்சு. தெரியாதவர் இருந்தால் வேறு பேச்சு.

வளைவுக்கு அந்தப் பக்கம்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் போகிறவர்கள் அந்தப் பெரிய வளைவைப் பார்த்திருப்பீர்கள். கோத்தா டாருல் ஏசான். 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரை விட்டுப் பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதன் நினைவாக எழுந்தது அது. கையெழுத்திட்ட அன்று சிலாங்கூர் சுல்தான் கண் கலங்கினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அன்று முதல் பிரிக்பீல்ட்ஸ்காரருக்குச் சட்டமன்றம் இல்லை. சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. கோலாலம்பூருக்கு மேலவையில் இரண்டு இடம் உண்டு. ஆனால் இரண்டுமே நியமனம். கிள்ளான்காரருக்குச் செனட்டர் தேர்வில் ஒரு நூல் பிடி இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு அந்த நூலும் அறுந்துபோனது.

அது தோட்டத்து மக்களையும் தொட்டது. புக்கிட் ஜாலில் தோட்டம் கோலாலம்பூர் எல்லைக்குள் இருந்த தோட்டம். 1998 காமன்வெல்த் போட்டி அரங்கங்கள் அந்தப் பக்கம்தான் எழுந்தன. எஞ்சிய குடும்பங்கள் நாலு ஏக்கர் நிலம் கேட்டுப் பல வருசம் போராடின. சிலாங்கூர்த் தோட்டம் என்றால் கதவைத் தட்ட ஒரு சட்டமன்ற உறுப்பினராவது இருப்பார். அவர்களுக்கு அந்தக் கதவே இல்லை.

பொம்மைச் சபையா?

"செனட் ஒரு பொம்மைங்க. தேர்தல்ல தோத்தவரை அமைச்சராக்கக் கொல்லைப்புற வழி" என்று காப்பிக்கடையில் பேசுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மேலவை சாதாரண மசோதாவை ஓராண்டு வரை தாமதப்படுத்தலாம். பண மசோதாவென்றால் ஒரு மாதந்தான். ஒரேயடியாக நிறுத்த முடியாது.

ஆனால் அரசமைப்புச் சட்டத்தையே திருத்துவதென்றால் கதை வேறு. பெரும்பாலான திருத்தங்களுக்கு இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மேலவையின் 70 பேரில் 47 பேர் கை தூக்கவேண்டும். நியமனம் பெற்ற 44 பேரும் ஒன்றாக நின்றாலும் மூன்று பேர் குறைகிறது. மாநிலங்கள் அனுப்பிய 26 பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றால் அந்தத் திருத்தம் நடக்காது. இது பொம்மையின் பலமா? பலம் இருக்கிறது. கட்சிக் கொறடா பக்கம் பார்த்தே கை தூக்கிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாற்காலி என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு அறிஞர் அண்ணாவை நினைவூட்டுவோம். 1962-ல் காஞ்சிபுரத்தில் தோற்றார். அதே ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தின் ஓட்டில் டில்லி மேலவைக்குப் போனார். ஒற்றை நாற்காலியில் இருந்து அவர் பேசியதை நாடே திரும்பிப் பார்த்தது. 1967-ல் முதலமைச்சர் ஆனார். பேசத் தெரிந்தவர், பேச விசயம் உள்ளவர் உட்கார்ந்தால் நாற்காலியும் பேசும்.

நம் மேலவைக்கும் தமிழர் புதியவர் அல்லர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் நின்ற ஜானகி ஆதி நாகப்பன் அங்கே செனட்டராக இருந்தவர். வடிவேலு கோவிந்தசாமி 1990-களில் அவையின் தலைவராக இருந்தார். எஸ். ஏ. விக்னேஸ்வரன் 2016 முதல் 2020 வரை அதே நாற்காலியில் இருந்தார். பூர்வகுடி மக்களுக்குப் பேச அங்கே ஆள் உண்டு. உடற்குறையுள்ளோருக்காகப் பத்மாவதி கிருஷ்ணன் 2013 முதல் அங்கே பேசினார். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. சுதந்திரத்துக்கு முந்திய கூட்டரசுச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கத்துக்கென்றே இடம் இருந்தது. நம் பி. பி. நாராயணன் அங்கே உட்கார்ந்து பேசியிருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த அந்த இடம் சுதந்திர நாட்டு மேலவையில் இல்லை.

என்ன செய்யலாம்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். மூன்று காரியம் செய்வோம்.

முதலில், சிலாங்கூரின் இரண்டு செனட்டர்கள் யார் என்று ஒவ்வொரு தோட்டமும் தெரிந்துகொள்ளட்டும். கோயில் கமிட்டியில், சங்கக் கிளைக் கூட்டத்தில் அவர்கள் பெயரை எழுதி வையுங்கள். கைபேசியில் தேடித்தர வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு செனட்டரின் தவணை மூன்று ஆண்டு. இரண்டு தவணைக்கு மேல் யாரும் இருக்க முடியாது. ஆகவே இடம் அடிக்கடி காலியாகும். காலியாகுமுன்பே நம் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போகட்டும். "இந்த முறை தோட்டம் தெரிந்த ஒருவரை முன்மொழியுங்கள். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று பின்னால் வந்து கேட்போம்" என்று மரியாதையாக எழுதுங்கள். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பார்க்கவேண்டாம். எந்தக் கட்சி ஆண்டாலும் கடிதம் ஒன்றுதான்.

மூன்றாவது, அடுத்த பொதுத்தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த 45-ஆவது பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். "செனட்டரை நாங்களே தேர்ந்தெடுக்கிற நாள் எப்போ? பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற எங்க சொந்தக்காரங்களுக்கும் அந்த உரிமை எப்போ?"

திருவிழாவில் பந்தி முடிந்து கை கழுவும்போது இவ்வளவையும் அந்தப் பாட்டியிடம் சுருக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப மாலை போடறதுக்கு முந்தியே கேட்டிருக்கணும்னு சொல்லு."

ஆமாம் பாட்டி. அதைத்தான் சொல்ல வந்தோம்.