எந்தக் கரையில் இறங்கிய சரக்கு?

மன்னார்க் கரையானாலும் எதிரே இராமேசுவரமானாலும், தன்பால் காதல் என்று பேச்செடுத்தால் வந்து விழும் பதில் பழகியதுதான்: அது வெள்ளைக்காரன் இறக்கிவிட்ட சரக்கு, கொழும்பிலும் சென்னையிலும் விலைபோகும், ஊர்நாட்டில் முளைக்காது, அதை எழுதுகிறவர்களுக்குச் சனங்களின் பாடும் தெரியாது.

வெள்ளைக்காரன் இறக்கியது சட்டத்தை. தன்பால் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு 1883இல் அவன் எழுதி வைத்தது. அவன் போன பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை. 1995இல் திருத்துகிறோம் என்று 365அ பிரிவுக்குள் பெண்களையும் இழுத்துவிட்டோம். இந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது.

ஊர்நாட்டில் முளைக்காதா? விருதுநகர் மாவட்டம் மகாராஜபுரம் கிராமத்தில் பிறந்தவர் லீனா மணிமேகலை. பருவமெய்திய பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கிற ஊர். தனக்கும் அந்த ஏற்பாடு நடப்பது தெரிந்து சென்னைக்கு ஓடியதை அவரே சொல்லியிருக்கிறார். இருபால் ஈர்ப்பை ஒளிக்காத இந்தக் கவிஞர், பெண்ணைப் பெண் நேசிக்கும் கவிதைகளை 'அந்தரக்கன்னி' (2012) என்று தொகுத்தார். கன்னித் தெய்வங்களுக்குப் பொங்கல் வைக்கும் தென்மாவட்டக் காதுக்கு அந்தப் பெயர் அந்நியமாக ஒலிக்காது. இன்னொரு தொகுப்பு 'சிச்சிலி'. மீன்கொத்திக்குத் தமிழில் இப்படியொரு பெயர் இருப்பதை நகரத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

உடலை எழுதுவது தமிழ் மரபல்ல என்பவர்களுக்கு, அதே மாவட்டத்து ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இருக்கிறது. அவள் ஏங்கியது ஆண் தெய்வத்துக்காக. தன்பால் காதலுக்கு அதைச் சாட்சியாக இழுப்பது நியாயமில்லை. ஆனால் பெண்ணின் வேட்கை தமிழுக்குப் புதிதில்லை என்பதற்கு அதுவே போதும்.

சனங்களின் பாடு தெரியாது என்பதுதான் மிக மோசமான பழி. லீனாவின் 'செங்கடல்' மன்னாருக்கு எதிர்க்கரையான தனுஷ்கோடியில் எடுத்த படம். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி எழுத்திலும் நடிப்பிலும் பங்கெடுத்தார். சுடப்படும் மீனவர்களும், படகில் வந்திறங்கும் அகதிகளுமே கதை. தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. 2011இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் போராடித்தான் வாங்கினார்கள்.

பதினோரு ஆண்டு கழித்து, 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு கடல் கடந்தவர்களைப் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போனதும் அதே தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அருகே ஒரு மணல்திட்டில்தான்.