வேலை யாரோடு போகும்?



நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளைப் பற்றி இந்த இதழில் ஒரு கட்டுரை வருகிறது. வாடகை, ஒழுகும் குழாய், நின்றுபோன லிஃப்ட் என்று குடியிருப்பவர் பக்கத்து நியாயமெல்லாம் அதில் இருக்கிறது. அச்சுக்கு அனுப்பும்போதுதான், நிர்வாகம் தனியாரிடம் போனபோது அங்கே படிக்கட்டுகளைத் துடைப்பவர் என்ன ஆனார் என்று யோசித்தேன். கட்டுரையில் விட்டதை இங்கே பேசிவிடுகிறேன்.

நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் 1934இல் தொடங்கியது. அதன் வீடுகளை அடுத்த 20 ஆண்டுகளுக்குச் செப்பனிட ஏறத்தாழ 7,800 கோடி டாலர் வேண்டும் என்று 2023இல் கணக்குப் போட்டார்கள். வாஷிங்டனிலிருந்து அவ்வளவு பணம் வரப்போவதில்லை. எனவே நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நீண்டகாலக் குத்தகையில் கட்டடங்களின் பராமரிப்பையும் நிர்வாகத்தையும் தனியாரிடம் ஒப்படைக்கிறது ஆணையம். முதலில் கைமாறியது குவீன்ஸ் கடலோரத்து ஓஷன் பே. 2012இல் சாண்டி புயல் புரட்டிப்போட்ட இடம் அது. சுமார் 1,400 வீடுகள், 2016இன் இறுதியில் போயின.

ஊழியர்களை ஆணையம் கைவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். டீம்ஸ்டர்ஸ் 237 என்ற வலுவான சங்கம் அவர்கள் பின்னால் நிற்கிறது. ஆட்குறைப்பு கிடையாது, ஆணையத்தின் வேறொரு குடியிருப்புக்கு மாற்றுவார்கள். பழைய கட்டடத்திலேயே இருக்க ஆசைப்பட்டால் புதிய நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசு வேலையை விட்டுவிட்டுத்தான். சம்பளமும் ஓய்வூதியமும் முக்கியம் என்றால் கட்டடத்தை விட்டு வர வேண்டும். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்தப் பாட்டி கதவைத் திறக்க நேரமாகும் என்பதெல்லாம் தெரிந்த ஆள், இன்னொரு இடத்தில் முதலிலிருந்து பழக வேண்டும்.

அதே நகரத்தில் பெரிய தனியார் கட்டடங்களுக்கு 2002இல் இயற்றிய சட்டம் வேறு மாதிரி. உரிமையாளரோ ஒப்பந்தக்காரரோ மாறினால், பழைய துப்புரவாளரையும் காவலாளியையும் 90 நாள் வைத்திருந்தே தீர வேண்டும். அந்த நாட்களில் வேலை திருப்தி என்றால் தொடர்ந்து வைத்துக்கொள்ள முன்வர வேண்டும். (இருபது வருடம் பார்த்த வேலைக்கு மூன்று மாதப் பரீட்சையா என்று கேட்காதீர்கள். அதுகூட இல்லாத ஊர்கள் எத்தனையோ.)

பிரிட்டனில் 1981இலிருந்து இருக்கும் விதிமுறை எனக்கு இன்னும் பிடித்தது. 'டூப்பி' என்று சொன்னால் அங்கே தொழிற்சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிர்வாகம் கைமாறினால் ஊழியரும் கூடவே போவார். சம்பளம், விடுமுறை, பணிக்காலம் எல்லாம் அப்படியே தொடரும். கைமாறியதையே காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி தவறு. நகராட்சி வீடுகள் கூட்டம் கூட்டமாக வீட்டுவசதிச் சங்கங்களுக்குப் போன காலத்தில் இது பெரிய துணையாக இருந்தது. கிளாஸ்கோவில் மட்டும் 2003இல் சுமார் 80,000 வீடுகள் ஒரே வீச்சில் போயின.

ஓட்டை இல்லாமல் இல்லை. பழைய ஓய்வூதியத் திட்டம் தானாகப் பின்தொடராது. பிறகு புதிதாகச் சேர்பவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்கத் தடையில்லை. ஒரே மாடியை இரண்டு சம்பளத்தில் இரண்டு பேர் பெருக்குவார்கள். இருந்தாலும் ஆளையும் இடத்தையும் பிரிக்காத ஏற்பாடே மேல் என்பது என் கட்சி. நியூயார்க் சங்கத்துக்காரர் யாராவது என்னோடு சண்டைக்கு வரலாம். அரசு ஓய்வூதியத்தைப் பறிகொடுத்து அதே மாடிப்படியில் நின்று என்ன பயன் என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

உங்களில் நிர்வாகம் கைமாறிய கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். சம்பளம் என்ன ஆனது என்பதோடு, புதிய நிறுவனம் உங்கள் பணிக்காலத்தை எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்