நடுக்கூடத்தில் கடல் வேண்டுமா?

கடலை வீட்டுக்குள் கொண்டு வர முடியுமா?

முடியும். என் மைத்துனரே கொண்டு வந்தார்!

சென்னை வேளச்சேரியில் அவருடைய வீடு. கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு கண்ணாடித் தொட்டி. 6 அடி நீளம். 2 அடி அகலம். 2 அடி உயரம். உள்ளே உப்புத் தண்ணீர். பாறைகள். பாறையின் மேல் காளான் போல விரிந்து ஆடும் மென்பவளங்கள். நடுவே மஞ்சள் மீன், நீல மீன், வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்.

"அத்தான்! மற்றவர்கள் கடலுக்குள் முங்கிப் பார்ப்பதை நாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம்!" என்றார்.

எனக்கும் ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். கரண்டு போயிற்று. இன்வெர்ட்டர் முதல் இரவோடு அடங்கிவிட்டது. தொட்டியின் பம்பும் நின்றுவிட்டது.

பம்பு நின்றால் தண்ணீர் அசையாது. தண்ணீர் அசையாவிட்டால் காற்று கலக்காது. மீனுக்கு மூச்சு முட்டும். குடும்பமே முறை போட்டுக்கொண்டு, சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியது. இரண்டு நாள் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், மஞ்சள் மீனும் நீல மீனும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. பவளங்கள் சுருங்கிக் கூழாகிவிட்டன. இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

வெள்ளம் வடிந்த பிறகு போனேன். மைத்துனரின் மகளுக்கு 9 வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாமா! என் முறை வந்தபோது நான் தூங்கிவிட்டேன். அதனால்தான் மீன் செத்ததா?"

நான் என்ன சொல்ல?

அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது.

வேலைக்காரப் பெண் ஊற்றிய தண்ணீர்

சொம்பால் ஊற்றுவது புதிய வித்தை அல்ல. கடல் பவளத்தை வீட்டில் வைத்துக் காப்பாற்றிய முதல் ஆட்களில் ஒருவர் அன்னா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1846-ம் ஆண்டு டார்க்கி என்ற கடற்கரை ஊரிலிருந்து சில பவளங்களை லண்டனுக்கு எடுத்துப் போனார். அப்போது கரண்டு ஏது? பம்பு ஏது? வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னல் ஓரத்தில் நின்று, கடல் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். நாள்தோறும் ஊற்றினாள். பவளம் பிழைத்தது. பெயர் எஜமானிக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பெயரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை!

பிறகு இங்கிலாந்தில் இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பிலிப் கோஸ் என்பவர் 1854-ல் மீன் தொட்டியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். படித்தவர்கள் எல்லாம் கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். பாறைக் குழிகளில் இருந்த உயிர்களை வழித்து அள்ளினார்கள். அழகாக இருந்த கரைகள் வெறும் கல்லாகிவிட்டன என்று, கோஸின் மகனே பின்னால் எழுதி வருந்தினார்.

தகப்பன் ஆசை மூட்டினார். மகன் வருந்தினார். இந்தக் கதை அந்த ஊரோடு முடிந்துவிட்டதா?

பவளம் கல் அல்ல

பவளம் என்றதும் நமக்கு மோதிரமும் மாலையும் நினைவுக்கு வரும். கடலில் இருப்பது உயிர். ஒவ்வொரு பவளத்திலும் மிகச் சிறிய பூச்சி போன்ற உயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. அவை தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து வீடு கட்டுகின்றன. அந்த வீடுகள்தான் பவளப் பாறை.

அந்தப் பூச்சியின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கிறது. தண்ணீர் சூடானால் இந்த ஒப்பந்தம் முறிந்துவிடும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இப்படித்தான் வெளுத்தன.

கடலுக்கே இந்தக் கதி என்றால் 6 அடித் தொட்டிக்கு?

பெரும்பாலான பவளத் தொட்டிகளுக்கு 24 முதல் 26 டிகிரி சூடு போதும். நம் ஊர் சித்திரை மாதத்தில் கூடத்துத் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். குளிர வைக்கும் இயந்திரம் வேண்டும். பாசிக்கு வெயில் வேண்டும் என்பதற்காக மேலே பெரிய விளக்கு வேண்டும். விளக்கு சூட்டைக் கொடுக்கும். இயந்திரம் அதைத் தணிக்கும். இரண்டுக்கும் கரண்டு பில் நீங்கள் கட்ட வேண்டும்!

24 கிலோ உப்பு

மைத்துனரின் தொட்டி 680 லிட்டர் பிடிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 24 கிலோ. சமையல் உப்பு ஆகாது. சுண்ணாம்புச் சத்தும் மற்றச் சத்துக்களும் கலந்து, இதற்கென்றே விற்கும் உப்பு வேண்டும். தண்ணீரும் குளோரின் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் எடை. மாடி வீட்டுக்காரர்கள் முதலில் என்ஜினீயரைக் கேட்க வேண்டும்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்ததைப் பார்த்து, என் மாமியார் ஒரு குடம் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றப் போனார். மருமகள் ஓடி வந்து தடுத்தாள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால் வெறும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். "உப்பளத்தில் பார்த்தது மறந்துவிட்டதே!" என்று மாமியாரே சிரித்துவிட்டார்.

தொட்டி கட்டியதும் மீனை விடக் கூடாது. மீனின் கழிவு அம்மோனியா என்ற விஷமாக மாறும். அதைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பாறையில் பெருக வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அது வரை மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை? வாங்கி வந்த மறுநாளே மீனை விட்டுவிட்டு, வாரத்துக்குள் மீன் செத்தது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் சின்னத் தொட்டியாக வைக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். சின்னத் தொட்டிதான் இன்னும் மோசம். கொஞ்சம் தண்ணீரில் சூடும் விஷமும் சட்டென்று ஏறிவிடும். பெரிய தொட்டி தவறைக் கொஞ்சம் பொறுக்கும். பர்சுதான் பொறுக்காது.

ரசீது கேட்காதீர்கள்!

மைத்துனர் தொட்டி வைத்த புதிதில் ஒரு கடையில், "கல் பவளம் வேண்டுமா? ரசீது மட்டும் கேட்காதீர்கள்" என்றார்களாம். நல்லவேளை, அவர் வாங்கவில்லை.

கல் பவளங்கள் 2001-ம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே பட்டியல்! கடல் குதிரையும் அதில் உண்டு. பிடித்தாலும் விற்றாலும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. தீவே போய்விட்டது, ஐயா!

உலகத்தின் கடல் தரையில் பவளப் பாறை நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் கடல் உயிர் வகைகளில் நாலில் ஒன்று அதை நம்பி வாழ்கிறது. நம் மீனவர் வலையில் விழும் மீனுக்கும் அதுதான் தொட்டில்.

மீன் விஷயமும் லேசுப்பட்டது அல்ல. நல்ல தண்ணீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு விஷத்தைத் தெளிப்பது பல ஆண்டுப் பழக்கம். மீன் மயங்கும். பக்கத்துப் பவளம் சாகும். மாண்டரின் என்று ஒரு மீன். மயிலைத் தோற்கடிக்கும் நிறம். அது கண்ணுக்குத் தெரியாத அளவு உயிருள்ள பூச்சிகளையே பெரும்பாலும் தின்னும். போட்ட இரையைத் தொடாது. தெரியாமல் வாங்குகிறவர் வீட்டில் அழகாக இருந்து, மெல்ல மெலிந்து சாகும்.

யாரும் வைக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. பண்ணையில் பிறந்த மீனை வாங்குங்கள் என்கிறேன். கோமாளி மீனை மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கல் பவளத்தைத் தொடாதீர்கள் என்கிறேன். முதலில் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு மீனை வாங்குங்கள் என்கிறேன். வந்த விருந்தாளி வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக வைக்கிறவர்கள், அந்தப் பணத்துக்குக் குடும்பத்தோடு ராமேசுவரம் போய் வாருங்கள். மிஞ்சும்!

அந்தக் குழந்தைக்கு அன்று நான் சொன்ன பதில் இது: "நீ தூங்காமல் இருந்திருந்தாலும் செத்திருக்கும், அம்மா. தப்பு பெரியவர்களுடையது. பாட்டரிப் பம்பு வாங்காதது உன் அப்பா. அவரைப் பார்த்து ஆசைப்பட்டது நான்."

அவள் பாதிதான் நம்பினாள்.

போன மாதம் போயிருந்தேன். தொட்டியில் அதே இரண்டு கோமாளி மீன்கள். கோமாளி மீன் எல்லாம் ஆணாகவே பிறக்கும். சோடியில் பெரியது பெண்ணாக மாறும். பாறை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. ஆண் மீன் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், அலமாரிக்கு மேல், பாட்டரிப் பம்பு. பாட்டரி மாற்றிய தேதியைச் சிறுமி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.