ஆளில்லாத் தீவு எண்டு ஆர் சொன்னது?

இந்து சமுத்திரத்தைப் பாய்மரப் படகில் கடக்கிறவர்கள் எழுதும் பயணக் கதைகளில் சாகோஸ் தீவுகளுக்குத் தனி இடம் உண்டு. மாலைதீவுக்குத் தெற்கே, சலமோன் பவளத்திட்டில் பொடாம் என்றொரு சின்னத் தீவு. களப்பில் நங்கூரம் போட்டுவிட்டுப் பின்னேரம் எல்லாரும் கரைக்கு வருவார்கள். மீன் சுடுவார்கள், கரப்பந்து அடிப்பார்கள், வாசித்து முடித்த புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தரின் எஞ்சின் பழுதானால் பக்கத்துப் படகுக்காரர் வந்து திருத்திக் கொடுப்பார். முந்தி மாதக்கணக்கில் தங்கியவர்களும் உண்டு. பிறகு 28 நாள் பேர்மிட் என்றாகிவிட்டது. யாரும் தொடாத சொர்க்கமாம். வாசிக்க ஆசையாகத்தான் இருக்கு.

ஆனால் அதே கதைகளில் படகுக்காரர் உடுப்புத் தோய்க்கிற கிணறு ஒன்றும் வருகிறது. கூரையில்லாத தேவாலயமும் ஈரப்பலா மரங்களும் வருகின்றன. ஆளில்லாத தீவில் கிணறு வெட்டினது ஆர்?

ஆபிரிக்க அடிமைகளினதும் இந்தியக் கூலித் தொழிலாளரினதும் வழிவந்த மக்கள் தலைமுறைகளாக அங்கே கொப்பறா காயவைத்து வாழ்ந்தார்கள். 1965 இல் பிரித்தானியா இந்தத் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. டியாகோ கார்சியாவில் அமெரிக்காவுக்குப் படைத்தளம் வேண்டுமே! 1968 இலிருந்து 1973 வரை எல்லாத் தீவுகளையும் வெறுமையாக்கினார்கள். அந்தச் சனம் வளர்த்த நாய்களைக்கூடக் கொட்டிலில் அடைத்துப் புகைவிட்டுக் கொன்றார்கள். நிரந்தரக் குடிகளே இல்லை, வந்துபோகிற தொழிலாளர்தான் என்று உலகத்துக்குக் கதை சொன்னார்கள். ‘யாரும் தொடாத சொர்க்கம்’ என்று எழுதுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கதையைத்தான் திருப்பிச் சொல்லுகிறார்.

படகுக்காரரா சனத்தைக் கலைத்தார்கள் என்று கேட்கலாம். இல்லைத்தான். ஆனால் கலைத்த அதே நிர்வாகம்தானே அவர்களுக்குப் பேர்மிட் கொடுக்கிறது? அந்தத் தீவில் பிறந்த கிழவிக்கு அது கிடைக்கவில்லை. 2000 இல் லண்டன் நீதிமன்றத்தில் வென்றும், 2004 இல் அரச ஆணை ஒன்றினால் அந்த உரிமையைப் பறித்தார்கள். 2006 இல் நூறு பேரளவில் கூட்டிப்போய், மூதாதையர் கல்லறைகளைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். விடுமுறைக்கு வருகிறவனுக்கு ஒரு மாதம், வீட்டுக்காரிக்கு ஒரு எட்டிப்பார்ப்பு.

இதில் எங்கட ஆக்களும் இருக்கினம். 2021 ஒக்டோபரில், கனடா போக வெளிக்கிட்ட ஈழத்தமிழர் 89 பேரின் படகு அந்தக் கடலில் தத்தளித்தது. அவர்களை டியாகோ கார்சியாவுக்குத்தான் கொண்டுபோனார்கள். கடல் அதே கடல், தீவுக்கூட்டமும் அதே தீவுக்கூட்டம். இவர்களுக்குக் கிடைத்தது வேலியடித்த முகாமும் கூடாரமும் காவலும். பிள்ளைகளும் உள்ளுக்குள்தான். பலர் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களைப் பிரித்தானியாவுக்கு எடுத்தார்கள். அதே மாதம் நீதிமன்றமும் அது சட்டவிரோதத் தடுத்துவைப்பு என்றது.

கடலில் எல்லை இல்லை, காற்று போகும் பக்கம் போகலாம் என்று எழுதுவது பாய்மரக்காரருக்குப் பழக்கம். காற்று எல்லாப் படகுக்கும் ஒன்றுதான் மச்சான், கரையில் பார்க்கிறது பாஸ்போட்டை. பாய்மரப் பயணம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எனக்கும் ஒருநாள் போக விருப்பம். அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர், அதை வெட்டினவர்கள் எங்கே போனார்கள் என்று தன் பயணக் கதையில் ஒரு பந்தியாவது எழுதட்டும்.